அகவிலையும் கூலியும்

அரசு ஊழியரும் ஆசிரியரும் மாதந்தோறும் பார்க்கும் சம்பளப் பட்டியலில், அடிப்படை ஊதியத்துக்கு அடுத்த வரியில் நிற்பது அகவிலைப்படி. ‘டி.ஏ.’ என்றே சொல்லிப் பழகிவிட்டமையால் அச்சொல்லின் பொருளை எவரும் நின்று பார்ப்பதில்லை. அஃகம் என்றால் தானியம். அது அகம் என்றும் வழங்கும். அகவிலை என்பது தானியத்தின் விலை. அஃகத்தை அளவில் குறைத்து விற்பதை ஔவையார் ஆத்திசூடியிலேயே கடிந்திருக்கிறார். படி என்பது முகத்தல் அளவை. அளந்து தரப்படும் நாட்செலவுக்கும், பின்னர் அதற்கு ஈடான பணத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஆக, தானிய விலை ஏறும்போது உழைப்பவனுக்கு ஈடுகட்டி அளக்கப்படுவது அகவிலைப்படி. இச்சொல் அரசு ஆணைகளில் நிலைபெறுவதற்கு முன் மக்கள் நாவில் வழங்கிய பெயர் ‘பஞ்சப்படி’. அதற்கு உரையே வேண்டாம்.

பணவீக்கம் என்ற சொல்லோ அவ்வளவு வெளிப்படையானதன்று. பணம் வீங்குகிறது என்கிறது; யாருடைய பை மெலிகிறது என்பதைச் சொல்லாமல் விடுகிறது. விலைகள் ஏறுவது மட்டுமே துன்பம் எனில், எல்லா விலைகளோடும் கூலியும் அதே நாளில் அதே அளவில் ஏறிவிடும் உலகத்தில் எவருக்கும் இழப்பில்லை. துன்பம் பிறப்பது இடைவெளியில். விலை முந்துகிறது, கூலி பிந்துகிறது. அந்த இடைப்பட்ட காலத்தின் சுமையை யார் சுமப்பது என்பதே பணவீக்கத்தின் வரலாறு என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்வரலாற்றின் சில ஏடுகளைச் சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் சங்கரன்கோவில்? ஆடித்தபசுக்குப் பெயர்பெற்ற இவ்வூர், ஆண்டின் மற்ற நாட்களில் விசைத்தறிச் சத்தத்தால் அறியப்படுவது. சேலையும் துண்டும் நெய்யும் தறிக்கூடங்கள் தெருத்தெருவாக உண்டு. இங்கே ஒரே தெருவில் இருவகைக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒன்று, ஆண்டுக்கு இருமுறை, சனவரியையும் சூலையையும் கணக்கிட்டு, விலைவாசிக்கு ஏற்ப ஊதியம் திருத்தப்படும் அரசு ஊழியர் குடும்பம். மற்றொன்று, நெய்த துணியின் எண்ணிக்கைக்குக் கூலி பெற்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேச்சுவார்த்தை நடந்தால் மட்டுமே அக்கூலி உயரக் காணும் நெசவாளர் குடும்பம். இருவரும் ஒரே கடையில்தான் துவரம்பருப்பு வாங்குகிறார்கள்.

ஒரு சிறு கணக்கு

பொருளியல் நூல்கள் பெயரளவுக் கூலி என்றும் மெய்க்கூலி என்றும் இரண்டாகப் பிரிப்பதுண்டு. கையில் எண்ணி வாங்கும் பணம் பெயரளவுக் கூலி. அப்பணம் கடையில் எவ்வளவு பொருளாக மாறுகிறது என்பதே மெய்க்கூலி. விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்கு 500 ரூபாய் பெறுகிறார். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுகிறது. மூன்றாண்டு கழித்துப் பேச்சுவார்த்தை நடந்து, கூலி 10 விழுக்காடு உயர்கிறது. இப்போது அவர் கையில் 550 ரூபாய். ஆனால் மூன்றாண்டில் விலைகள் 19 விழுக்காட்டுக்கும் மேல் ஏறிவிட்டன. பழைய விலையில் மதிப்பிட்டால் அந்த 550 ரூபாய் ஏறத்தாழ 462 ரூபாய்க்குச் சமம். ஐம்பது ரூபாய் கூடியதாக ஒப்பந்தம் சொல்கிறது; முப்பத்தெட்டு ரூபாய் குறைந்ததாக அடுக்களை சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எந்த முதலாளியும் கூலியைக் குறைக்கவில்லை. எந்த ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை. நேரடியாகக் கூலியில் 38 ரூபாயைப் பிடித்தால் மறுநாளே தறிகள் நின்றிருக்கும். விலைவாசி அதையே ஓசையின்றிச் செய்து முடிக்கிறது. இழந்தவர் யாரிடம் போய்க் கேட்பார்?

நெல்லாக அளந்த காலம்

கூலி நாணயமாக மாறுவதற்கு முன் தமிழகத்தில் அது பெரும்பாலும் நெல்லாகவே இருந்தது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும் ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காக வகுக்கப்பட்டதைக் கல்வெட்டு கூறும். நெல்விலை ஏறினாலும் இறங்கினாலும் நூறு கலம் நூறு கலமே. தானியக் கூலி தன்னுள்ளேயே அகவிலைப்படியைப் பொதிந்து வைத்திருந்தது எனலாம்.

இதனால் அக்காலத்தைப் பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. நெல்லாக அளந்த கையே மரக்காலையும் வைத்திருந்தது. அளவையின் தலையைத் தட்டிக் குறைப்பதும், பதரைக் கலப்பதும், பட்ட கடனுக்குத் தலைமுறைதோறும் பண்ணையில் கட்டிவைப்பதும் அம்முறையோடு ஒட்டிப் பிறந்தவை. நாணயக் கூலி அந்தக் கட்டை அறுத்துக்கொள்ள ஒரு வழியைத் திறந்தது. ஆலைக்கும் நகரத்துக்கும் சென்றவன் தன் உழைப்பைத் தானே விற்கலானான். ஆனால் விலையேற்றத்துக்கு எதிரான பழைய கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டே அவன் அங்குப் போனான். அகவிலை ஏறும்போது தன்னைக் காத்துக்கொள்ள அவனுக்கு எஞ்சியது ஒன்றே. அது வேலைநிறுத்தம்.

தூத்துக்குடியும் பெரம்பூரும்

நம் பக்கத்தில் அக்கருவி முதன்முதல் பெரிய அளவில் எடுக்கப்பட்டது 1908 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று, தூத்துக்குடிக் கோரல் ஆலையில். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்ற அப்போராட்டம் பொதுவாக விடுதலைப் போரின் ஒரு கூறாகவே பேசப்படுகிறது. அது பிழையன்று. ஆயினும் தொழிலாளர் முன்வைத்தவை கூலி, வேலைநேரம், விடுமுறை என்ற மூன்றுமே. அவை அந்த ஆண்டுகளின் விலைவாசியோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா முழுதும் விலைகள் ஏறிக்கொண்டே போனமையால் ஆங்கில அரசே அதற்கெனத் தனி விசாரணை நடத்தி, 1914 இல் தத்தா என்பவரின் அறிக்கையை வெளியிட வேண்டியதாயிற்று. ஒன்பது நாளில் ஆலை நிருவாகம் இறங்கிவந்தது, கூலி உயர்ந்தது. மார்ச்சு 12 அன்று வ.உ.சி. கைதானதும் மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்ததும் எல்லாரும் அறிந்த கதை.

அடுத்த ஏடு முதல் உலகப்போரின் இறுதி ஆண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் முன்னின்று தொடங்கிய அச்சங்கத்துக்கு பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. அதன் பணியில் இணைந்தார். தமிழ்நடையில் தனித்தடம் பதித்த ஒருவர் ஆலைத் தொழிலாளரின் கூலிக்காகத் தெருவில் நின்ற காலம் அது. போர்க்காலத்தில் அரிசி, துணி, மண்ணெண்ணெய், உப்பு என அன்றாடத் தேவைகள் யாவும் விலையேறியிருந்தன. கூலி அவற்றைத் தொடர்ந்து ஏறவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் பல ஊர்களில் அது பரவியது. சங்கம் வைத்திருந்தவர் கோரிக்கை எழுதினர். சங்கம் இல்லாதவர் கடைக் கதவை உடைத்தனர். இரண்டும் ஒரே கணக்கின் இரு விடைகளே.

இதே விலையேற்றமே அரசை எண்ணத் தூண்டியது. பம்பாயில் 1921 இல் தொழிலாளர் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் வெளிவரத் தொடங்கியது. ஓர் உழைப்பாளி வீட்டில் வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் வைத்து, அக்கூடையின் விலை எவ்வளவு ஏறியது என்று மாதந்தோறும் பார்ப்பதே இதன் முறை. இன்றைய அகவிலைப்படிக்கும் இத்தகைய எண்ணே அடிப்படை.

பஞ்சப்படி பிறந்த கதை

இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிலிருந்து பிரிட்டன் பெற்ற பொருள்களுக்கும் பணிகளுக்கும் உடனே பொன்னோ பொருளோ வரவில்லை. இலண்டனில் கணக்கில் வரவு வைக்கப்பட்டது; இங்கே அதன்மேல் ரூபாய்த் தாள் அச்சடிக்கப்பட்டது. போர் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த தாளின் அளவு ஆறு மடங்கையொட்டிப் பெருகியது. பண்டம் அவ்வாறு பெருகவில்லை. ‘பணவீக்கம்’ என்ற சொல் தன் முழுப்பொருளில் நிகழ்ந்த காலம் அதுவே. அப்போதுதான் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் ஆலைகளிலும் உணவு விலையை ஈடுசெய்யத் தனிப்படி தர வேண்டியதாயிற்று. அதுவே பஞ்சப்படி.

அப்படி எட்டாத இடத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை 1943 ஆம் ஆண்டு வங்கத்தில் காண்கிறோம். அமர்த்தியா சென் தம் 1981 ஆம் ஆண்டு நூலில் காட்டியபடி, 1943 இல் வங்கத்தில் இருந்த உணவு, பஞ்சமில்லாத 1941 இல் இருந்ததைவிடக் கூடுதலே. 1942 டிசம்பரில் மணங்கு பதின்மூன்று, பதினான்கு ரூபாய் அளவில் விற்ற அரிசி, அடுத்த ஆண்டு நடுவில் முப்பது ரூபாயைத் தாண்டியது. வேளாண் கூலிகள், மீனவர், சிறு கைவினைஞர் ஆகியோரின் வருவாய் அவ்வேகத்தில் ஏறவில்லை. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளரும் அரசு ஊழியரும் மலிவு விலை உணவால் காக்கப்பட்டனர். இறந்தவர் இலட்சக்கணக்கில்; முப்பது இலட்சம் என்பது ஒரு கணிப்பு. கடையில் அரிசி இருக்க, வாங்கக் கூலி போதாமல் மாண்டவர்கள் அவர்கள். விலை முந்திக் கூலி பிந்துவதன் கடைக்கோடி எல்லை அதுதான்.

நூலுக்கும் துணிக்கும் நடுவே

இனி நெசவாளரிடம் வருவோம். அவர் நிலை மற்றக் கூலிக்காரரினும் சிக்கலானது. பிறருக்கு ஏறுவது வாழ்க்கைச் செலவு மட்டுமே. நெசவாளருக்கோ தொழிலின் மூலப்பொருளான நூலும் ஏறுகிறது. துணியின் விலையிலிருந்து நூலின் விலையைக் கழித்து எஞ்சுவதில்தான் அவர் கூலி அடங்கியிருக்கிறது. நூல் ஏறித் துணி ஏறாவிட்டால் அந்த நடுப்பகுதி நசுங்குகிறது.

விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளில் தமிழகக் கைத்தறியாளருக்கு நேர்ந்தது இதுவே. நூல் கிடைப்பது அரிதாயிற்று. பின்னர் 1952 வாக்கில், நெய்த துணி விற்காமல் தேங்கியது. ஆலைத்துணியின் போட்டியிலிருந்து காக்க வேட்டி, சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்க வேண்டும் என்று இராசாசி குரல்கொடுத்தார். 1953 இல் அண்ணா முதலானோர் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். அரசியலில் எதிரெதிர் நின்றவர்களையும் ஒரே துயரம் ஒரே திசையில் பார்க்கச் செய்தது. திருநெல்வேலிக்காரரான தொ.மு.சி.ரகுநாதன் தம் ‘பஞ்சும் பசியும்’ நாவலை வெளியிட்டதும் 1953 இல்தான். நம் மாவட்டத்து நெசவாளரின் பட்டினியைக் களமாக்கிய அந்நாவலை முற்போக்கு இலக்கியத்தின் முன்னோடி என்று வகுப்பறையில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். தலைப்பிலுள்ள இரு சொற்களை மட்டும் நின்று நோக்கினால் போதும். பஞ்சின் விலை எங்கோ முடிவாகிறது. பசி இங்கே தறிக்குழியில் இறங்குகிறது. நாவலாசிரியர் புள்ளிவிவரம் தரவில்லை. மெய்க்கூலி என்றால் என்ன என்பதை அவர் அளவுக்கு எந்தப் பொருளியல் பாடநூலும் நமக்குக் காட்டவில்லை.

ஒரு படி அரிசியும் கட்டாய வைப்பும்

1967 தேர்தலில் இந்தி எதிர்ப்பு வகித்த பங்கைப் பேசும் அளவுக்கு அரிசி வகித்த பங்கைப் பேசுவதில்லை. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் வீட்டுக்கு வீடு சென்றது. ஆட்சி மாறியதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. செலவு தாங்காமல் அது நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் அரிசி விலையை ஆள்வோரின் பொறுப்பாக்கிய கொள்கை நிலைத்தது. 1972 இல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 2008 இல் கிலோ ஒரு ரூபாய், 2011 சூன் முதல் விலையில்லா அரிசி என அது வளர்ந்தது. அகவிலைப்படி பெறாத கோடிக்கணக்கானோருக்கு நியாயவிலைக் கடையே அகவிலைப்படி. படி என்ற சொல்லின் இரு பொருளும் அங்கே மீண்டும் ஒன்றாகக் கலந்தன.

மறுபுறம், அமைப்பாகத் திரண்ட தொழிலாளரின் படியும் என்றும் உறுதியானதாக இருந்ததில்லை. 1973-74 இல் மொத்த விலைவாசி 20 விழுக்காடும் அடுத்த ஆண்டு 25 விழுக்காடும் ஏறியபோது, 1974 மே மாதம் இரயில்வே தொழிலாளர் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது ஒடுக்கப்பட்டது. சூலையில் வந்த அவசரச் சட்டம், கூடுதல் ஊதிய உயர்வு முழுவதையும் கூடுதல் அகவிலைப்படியில் பாதியையும் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொண்டது. கூலி உயர்வதால்தான் விலை உயர்கிறது என்பதே அதன் பின்னிருந்த வாதம்.

அவ்வாதம் இன்றும் ஒலிக்கிறது. முழுதும் பொய் என்று தள்ளிவிட முடியாது. கூலி ஏறினால் ஆக்கச்செலவு ஏறுவது உண்மையே. ஆனால் யார் முதலில் நகர்ந்தது என்று கேட்க வேண்டும். போர்த் தாள்களை அச்சடித்தது நெசவாளரல்லர். 1973 இல் கச்சா எண்ணெய் விலையை ஏற்றியது இரயில்வே தொழிலாளரல்லர். துரத்திப் பிடிக்க ஓடுபவனைப் பார்த்து, உன்னால்தான் முன்னே போகிறவன் வேகமாகப் போகிறான் என்பது எவ்வகை நியாயம்?

கடலுக்கு அப்பால்

இந்த இடைவெளியின் அண்மைக்காலப் பெருஞ்சான்று இலங்கை மலையகத்தில் உள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மக்கள் சென்ற மண் அது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ அப்பயணத்தைத்தான் சொல்கிறது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் கூலியோடு அரிசியின் விலையையும் சேர்த்தே எண்ணியது. நெடிய போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆயிற்று. அடுத்த ஆண்டே நாடு நொடித்தது. 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காடு. உணவுப் பொருள்களுக்கு 90 விழுக்காட்டுக்கும் மேல். 2024 செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1350 ரூபாயாக அறிவிக்கப்படும் வரை அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. போராடிப் பெற்ற கூலியின் மதிப்பில் பாதியளவு, எவரும் கையெழுத்திடாமலே கரைந்துபோயிற்று.

மீண்டும் சங்கரன்கோவில்

நம் ஊரின் விசைத்தறிக்கூடத்தை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்ப்போம். விலையில்லா அரிசி இருப்பதால் அகவிலை ஏற்றம் இங்கே பட்டினியாக மாறுவதில்லை. தமிழகத்தின் பெரும் சாதனை அது. ஆனால் குடும்பச் செலவில் அரிசி இப்போது சிறு பங்கே. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, எண்ணெய், பருப்பு, எரிவாயு இவற்றை நியாயவிலைக் கடை ஒரு பகுதி தாங்கும், அல்லது தாங்காது. 2022 மே மாதம் எரிவாயு உருளை ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது நெய்த துண்டுக்கான கூலி தாண்டவில்லை. தொழிலாளர் குறியீட்டெண்ணின் 2016 ஆம் ஆண்டு அடிப்படைக் கூடையில் உணவுக்கும் பானத்துக்கும் தந்த எடை 39 விழுக்காடு. தார் சுற்றும் பெண்ணின் வீட்டுக் கூடையில் உணவு இடம்பிடிக்கும் அளவு அதனினும் கூடுதலாகவே இருக்கும். பருப்பும் தக்காளியும் ஏறும் மாதத்தில் சராசரி எண் அவர் துயரத்தைக் குறைத்தே காட்டும்.

தறி உரிமையாளரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 இல் பஞ்சு விலை கண்டி ஓர் இலட்சம் ரூபாயைக் கடந்து, நூல் விலை மாதாமாதம் ஏறியபோது சிறு உரிமையாளர் பலர் தறியை நிறுத்த நேர்ந்தது. விசைத்தறிக்கு இருமாதத்துக்கு 1000 அலகு வரை கட்டணமில்லா மின்சாரம் என்று 2023 இல் உயர்த்தப்பட்டது அவர்களுக்கு ஓரளவு தாங்கல். அத்தகைய தாங்கல் நூல் சுற்றுபவர் வரை தானாக இறங்கி வருவதில்லை.

இது தறிக்கூடத்தோடு நிற்பதுமன்று. அரசுக் கல்லூரியில் ஒரே அறையில் அமர்ந்து ஒரே பாடத்தை நடத்தும் இருவரில், நிலையான பணியிலுள்ளவருக்கு அகவிலைப்படி உண்டு. தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளருக்கு இல்லை. விலைவாசி இருவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஊதியப் பட்டியல்தான் பார்க்கிறது. படி பெறும் இடத்தில் அமர்ந்திருக்கும் நாம் பணவீக்கத்தைச் செய்தித்தாளில் படிக்கிறோம். அடுத்த நாற்காலியில் இருப்பவர் அதை வாழ்கிறார்.

வழியில்லாமல் இல்லை. 1948 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் தமிழக அரசு வெளியிட்ட கூலி அறிவிக்கைகளில், சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு பிணைத்த அகவிலைப்படி இடம்பெற்றே வந்துள்ளது. காகிதத்தில் உள்ள அந்த ஏற்பாட்டைத் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசும் தறிக்கூலி ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, குறியீட்டெண் ஏறிய அளவுக்குக் கூலியும் ஏறும் என்ற ஒரே வரி. அதன்பின் பேச்சுவார்த்தை மேசையில் இழந்ததை மீட்பதற்காக அல்லாமல், மேலும் பெறுவதற்காக அமர முடியும். தொகுப்பூதிய ஆணைக்கும் அந்த ஒரு வரி பொருந்தும்.